லண்டன்ல பந்தியில உக்காந்தாதான் வக்கீலா? (சட்டப்பக்கம்: வாசகர் கேள்வி, அக்கா பதில்)

போன இதழ்ல ஒரு கேள்விக்கு பதில் எழுதறப்ப போற போக்குல "இன்ஸ் ஆஃப் கோர்ட்"னு ஒரு வார்த்தைய விட்டுட்டேன், லண்டன்ல பாரிஸ்டர் ஆகறவங்க சேர வேண்டிய பழைய சங்கங்களுக்கு அதுதான் பேரு. இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல அதப் பத்தின கேள்விதான். வாடகை, சீட்டுப் பணம், உயில் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிருக்கேன், அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க. நானும் அந்த சங்கத்து ஹால்ல உக்காந்து சாப்பிட்டு வந்தவதான், அதனால கொஞ்சம் மனசு விட்டே எழுதறேன்.

கேள்வி: என் மகன் லண்டன்ல சட்டம் முடிச்சிட்டு பாரிஸ்டர் ஆகப் போறேங்கறான். அதுக்கு பத்து தடவ டின்னருக்கு போகணுமாம், டிக்கெட்டுக்கு காசு அனுப்புங்கறான். பரீட்சை எழுதினா பத்தாதா? சாப்பிட்டா வக்கீல் பட்டம் குடுப்பாங்களா? பையன் எங்கள ஏமாத்துறானோன்னு அவங்க அப்பா சொல்றாரு. (யீஷூன் வாசகி)

அம்மா, பையன் உண்மையதான் சொல்றான், அப்பாகிட்ட முதல்ல அத சொல்லிடுங்க.

இங்கிலாந்துல ஒருத்தர பாரிஸ்டர் ஆக்குற அதிகாரம் யுனிவர்சிட்டிக்கு கிடையாது, நாலு பழைய சங்கங்களுக்குத்தான் இருக்கு. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். நாலும் லண்டன்லதான், ஒன்னுலேர்ந்து இன்னொன்னுக்கு நடந்தே போயிடலாம். டிகிரிக்கு அப்புறம் படிக்கிற பாரிஸ்டர் பயிற்சி, அதாவது பார் கோர்ஸ், தொடங்குறதுக்கு குறைஞ்சது 12 வாரம் முன்னாடி இதுல ஏதாவது ஒன்னுல உறுப்பினரா சேந்திருக்கணும். கோர்ஸ் பாஸ் பண்ணணும், அதோட இன் நடத்துற 10 நிகழ்ச்சியில கலந்துக்கணும், அப்புறம்தான் "கால் டு த பார்", அதாவது பேர கூப்பிட்டு பாரிஸ்டர் ஆக்குறது.

இந்த பத்தும் வெறும் சாப்பாடு இல்ல. சொற்பொழிவு முடிஞ்சு டின்னர், மூட் கோர்ட்னு மாதிரி வழக்கு, வாதாடுற பயிற்சி, விண்ட்சர்ல கம்பர்லேண்ட் லாட்ஜ்னு ஒரு இடத்துல சனி ஞாயிறு தங்கிப் படிக்கிறதுன்னு பலது இருக்கு. எங்க காலத்துல இத விட ரெண்டு மடங்குக்கு மேல, அதுவும் பெரும்பாலும் டின்னர்தான்.

ஏன் இப்படி ஒரு வழக்கம்னா, அந்தக் காலத்துல ஆக்ஸ்ஃபோர்டுலயும் கேம்பிரிட்ஜ்லயும் ரோமன் சட்டமும் சர்ச் சட்டமும்தான் சொல்லிக் குடுத்தாங்க, இங்கிலாந்து கோர்ட்ல நிஜமா நடக்குற சட்டத்த படிக்கணும்னா வக்கீலுங்க கூடவே தங்கி, அவங்க பேசறத கேட்டு, அவங்க பின்னாடியே கோர்ட்டுக்கு போய்தான் கத்துக்க முடியும், கிட்டத்தட்ட நம்ம குருகுலம் மாதிரி. பையன் அங்கதான் இருந்தான்ங்கறதுக்கு சாட்சி என்ன? ராத்திரி ஹால்ல சாப்பாட்டுக்கு வந்தானா இல்லையாங்கறதுதான். அதாவது டின்னர்தான் வருகைப் பதிவேடு. ஒவ்வொரு டெர்ம்லயும் இத்தன தடவன்னு கணக்கு, அதுக்கு "கீப்பிங் டெர்ம்ஸ்"னு பேரு. லிங்கன்ஸ் இன்ல 1422லேர்ந்து விடாம பதிவேடு இருக்குன்னா எவ்ளோ நாள் பழக்கம்னு பாத்துக்குங்க.

காசு அனுப்புங்கம்மா. ஆனா ஒன்னு, ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பம் போட்டானான்னு கேளுங்க. நாலு இன்ல ஒவ்வொன்னும் வருஷத்துக்கு ஒரு மில்லியன் பவுண்டுக்கு மேல மாணவர்களுக்கு குடுக்குது. நம்ம பிள்ளைங்க "நமக்கெல்லாம் எங்க கெடைக்கப் போகுது"ன்னு ஃபாரத்த எடுத்துக்கூட பாக்கறதில்ல, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

கேள்வி: இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள்னு பேர் வருதே, அங்க கோயில் ஏதும் இருக்கா? (புக்கிட் பாத்தோக், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சார், நல்ல கேள்வி. கோயில்னா சர்ச் இருக்கு, வட்டமா கட்டினது, 1185ல பிரதிஷ்டை பண்ணினாங்க. நைட்ஸ் டெம்ப்ளர்னு சிலுவைப்போர் வீரர்களோட அமைப்பு ஒன்னு இருந்துச்சு, ஜெருசலேம் ஆலயத்த வச்சு அவங்களுக்கு அந்தப் பேரு, லண்டன்ல அவங்க இருந்த இடம்தான் இது. 1312ல அந்த அமைப்பையே கலைச்சுட்டாங்க, அப்புறம் கைமாறி கைமாறி வக்கீலுங்க வாடகைக்கு வந்து உக்காந்தாங்க. 1608ல ஜேம்ஸ் ராஜா அந்த நிலத்த ரெண்டு டெம்பிளுக்கும் சாசனமா எழுதிக் குடுத்துட்டாரு, சர்ச்ச நீங்கதான் பராமரிக்கணும்னு ஒரு நிபந்தனையோட. இன்னிக்கும் அவங்கதான் பராமரிக்கிறாங்க. 1941ல குண்டு விழுந்து கூரை எரிஞ்சு போச்சு, இன்னர் டெம்பிள் ஹாலும் போச்சு, எல்லாத்தையும் திரும்ப கட்டினாங்க. கோயிலுக்கு நிலம் எழுதி வச்சு, விளக்கேத்த வேண்டியது இன்னாருன்னு கல்லுல வெட்டி வச்ச ஊர்லேர்ந்து வந்த நமக்கு இது ஒன்னும் புதுசு இல்ல.

கேள்வி: நாலு இன்ல எது பெஸ்ட் ஆன்ட்டி? சீக்கிரம் முடிவு பண்ணணும். (உட்லண்ட்ஸ், சட்ட மாணவர்)

படிப்புன்னு பாத்தா வித்தியாசமே இல்ல தம்பி, பட்டமும் ஒன்னுதான். ஆனா ஒன்னுல சேந்துட்டா ஆயுசுக்கும் அதுதான் உன் வீடு, அதனால நேர்ல போய் ஹாலையும் லைப்ரரியையும் ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணு.

மிடில் டெம்பிள் ஹால் 450 வருஷம் ஆன கட்டடம், மரக்கூரைய அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். ஷேக்ஸ்பியரோட ட்வெல்ஃப்த் நைட் நாடகம் 1602 பிப்ரவரி 2ஆம் தேதி அந்த ஹால்லதான் நடந்துச்சு. பெரியவங்க உக்கார்ற மேசை 29 அடி நீளம், ஒரே ஓக் மரத்துலேர்ந்து எடுத்தது, எலிசபெத் ராணி குடுத்ததுன்னு சொல்லுவாங்க. அதுக்கு கீழ சின்னதா ஒரு மேசை, "கப்போர்ட்"னு பேரு, டிரேக் கப்பல்ல உலகத்த சுத்தி வந்தாரே, அந்தக் கப்பலோட பலகையில செஞ்சதாம், புதுசா பாரிஸ்டர் ஆகறவங்க அது மேல புத்தகத்த வச்சுதான் கையெழுத்து போடுறாங்க. லீ குவான் யூவும் அவர் மனைவி குவா கியோக் சூவும் 1950ல பாரிஸ்டர் ஆனது இந்த மிடில் டெம்பிள்லதான்.

கிரேஸ் இன்ல டோஸ்ட், அதாவது ஒருத்தர வாழ்த்தி கிளாஸ தூக்கிக் குடிக்கிற வழக்கம், நெறைய. கூட உக்காந்து சாப்பிடறவங்க பேர சொல்லி குடிக்கணும், அதனால யார் பேரையும் மறக்க முடியாது. நம்ம சிங்கப்பூர் எதிர்க்கட்சி அரசியல்வாதி ஜே.பி. ஜெயரத்தினம் 1951ல அங்கதான், அம்பேத்கரும் கிரேஸ் இன்தான். லிங்கன்ஸ் இன்ல ராஜாவுக்கு டோஸ்ட் சொல்றப்ப எந்திரிக்க மாட்டாங்க, உக்காந்தபடியே குடிப்பாங்க, இரண்டாம் சார்ல்ஸ் காலத்துலேர்ந்து அவங்களுக்கு அப்படி ஒரு சலுகை. அங்க ஒரு பெஞ்சர், அதாவது இன்னோட மூத்த உறுப்பினர், காலமாயிட்டா மத்தியானம் சேப்பல் மணி அடிக்கும், பக்கத்து அலுவலகத்துல வேல பாக்கறவங்க யாரு போனதுன்னு விசாரிக்க ஆள் அனுப்புவாங்க. எனக்கு இந்த நாலு பழக்கத்துல ரொம்பப் பிடிச்சது அந்த மணிதான், நம்ம ஊர்ல பறைச் சத்தம் கேட்டா வாசலுக்கு வந்து யாருன்னு கேப்பமே, அதே மாதிரி. இன்னர் டெம்பிள் சின்னம் பறக்குற குதிரை, தோட்டம் பெருசு, மலேசியாவோட முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அங்க சேந்தவர்.

கேள்வி: காந்தி அங்க சைவம் சாப்பிட்டாரா? நம்ம தமிழ் ஆளுங்க யாரும் அந்தக் காலத்துல போயிருக்காங்களா? (சிராங்கூன் வாசகர்)

காந்தி 1888ல இன்னர் டெம்பிள்ல சேந்தாரு, 1891 ஜூன்ல பாரிஸ்டர் ஆனாரு. அவர் சுயசரிதையிலயே இத விவரமா எழுதியிருக்காரு. மொத்தம் 12 டெர்ம், ஒவ்வொரு டெர்ம்லயும் குறைஞ்சது ஆறு டின்னர். அவர் கண்டிப்பான சைவம், முதல்ல ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைகோஸோட எழுந்துருவாராம். அப்புறம் ஒரு பார்சி மாணவரும் இவரும் சேந்து எழுதிக் கேட்டதுல பெஞ்சர்ங்க மேசையிலேர்ந்து பழமும் காய்கறியும் வர ஆரம்பிச்சுது. இதுல ஒரு விசேஷம், நாலு பேருக்கு ரெண்டு பாட்டில் வைன்னு கணக்கு, இவர் தொட மாட்டாரு, அதனால இவர எங்க கூட உக்காரு, எங்க கூட உக்காருன்னு எல்லாரும் கூப்பிடுவாங்களாம். அதே இன் 1922ல, அவர் இந்தியாவுல ஜெயில்ல இருந்தப்ப, அவர் பேர எடுத்துட்டாங்க. 1988லதான் திரும்ப சேத்தாங்க, அவர் போய் நாப்பது வருஷம் கழிச்சு. அந்தப் பெருமை மட்டும் சொல்லிட்டு இத விட்டுடக் கூடாது, அதான் எழுதறேன்.

தமிழர்ங்க காந்திக்கு முன்னாடியே போயிட்டாங்க ஐயா. யாழ்ப்பாணத் தமிழர் குடும்பத்து சர் முத்து குமாரசுவாமி 1863லயே லிங்கன்ஸ் இன்ல பாரிஸ்டர், கலை ஆராய்ச்சி பண்ணின ஆனந்த குமாரசுவாமியோட அப்பா அவருதான். வ.வே.சு. ஐயர் பேர பள்ளிக்கூடப் பாடத்துல படிச்சிருப்பீங்க, அவரும் லிங்கன்ஸ் இன்ல படிச்சவர்தான், பாரிஸ்டர் ஆகாமலே 1910ல மாறுவேஷத்துல தப்பிச்சு புதுச்சேரி வந்து சேந்தாரு.

பொம்பளைங்கள 1919 சட்டம் வர்ற வரைக்கும் உள்ளயே விடல. சட்டம் வந்ததும் அந்த டிசம்பர்லயே ஹெலினா நார்மன்டன் மிடில் டெம்பிள்ல சேந்தாங்க. 1922 மே மாசம் இன்னர் டெம்பிள்ல ஐவி வில்லியம்ஸ் பாரிஸ்டர் ஆனாங்க, இங்கிலாந்துல முதல் பொண்ணு அவங்கதான். அந்த ஹாலுக்குள்ள நான் கால் வைக்க முடிஞ்சதுக்கு அவங்கெல்லாம் காரணம்.

கேள்வி: அக்கா, நான் போன மாசம்தான் முதல் டின்னர் போனேன். யாரும் எங்கிட்ட சரியா பேசல. நான் குடிக்க மாட்டேன், மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், எந்த ஃபோர்க்க எப்ப எடுக்கறதுன்னும் தெரியல. இனிமே ஆன்லைன் நிகழ்ச்சியா பாத்து கணக்க முடிச்சிடலாமான்னு தோணுது. (லண்டனிலிருந்து ஒரு சிங்கப்பூர் மாணவி)

உன் கடிதத்த மூணு தடவ படிச்சேன்மா. என் முதல் டின்னரும் அப்படியேதான். எந்த இன்னுன்னு எழுத மாட்டேன். வாசல்ல கறுப்பு கவுன் வாடகைக்கு குடுத்தாங்க, எனக்கு கெடைச்சது தரையில இழுபட்டுச்சு. நாலு நாலு பேரா உக்காரணும், அதுக்கு "மெஸ்"னு பேரு, பக்கத்து மெஸ்ஸோட பேசக்கூடாதுன்னு அப்போ வழக்கம். என் மெஸ்ல இருந்த மூணு பசங்களும் ஒரே மாதிரி பள்ளிக்கூடம், ஒரே மாதிரி விடுமுறை, பனிச்சறுக்கு பத்தி பேசிட்டே இருந்தாங்க. ஒருத்தன் மட்டும் திரும்பி, உங்க ஊர்ல கையிலதான் சாப்பிடுவீங்களாமேன்னு கேட்டுட்டு பதிலுக்குகூட நிக்காம அந்தப் பக்கம் திரும்பிட்டான். நான் ரெண்டு ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன். பெஞ்சர்ங்க எழுந்து போற வரைக்கும் நம்மளும் எந்திரிக்க முடியாது. பஸ்ல மேல்தட்டுல உக்காந்து அழுதுகிட்டே வீட்டுக்கு போனேன், எங்கப்பா துறைமுகத்துல ஓவர்டைம் பாத்து அனுப்பின காசு இதுக்காகவான்னு.

மூணாவது டின்னர்ல எங்க மெஸ்ல ஒரு வயசான பாரிஸ்டர் வந்து உக்காந்தாரு. இந்த வாரம் எந்த கோர்ட்டுக்கு போய் பாத்தேன்னு கேட்டாரு. நான் எதுக்கும் போகலன்னேன். திட்டல. உப்பு டப்பாவ நகர்த்தி நடுவுல வச்சு, இதுதான் சாட்சின்னாரு, மிளகு டப்பா நீ. ஒரு கேள்வி கேளுன்னாரு. கேட்டேன். உடனே அடுத்ததும் கேட்டேன். கைய நீட்டி நிறுத்திட்டு, நீ கேட்ட கேள்விக்கு பதில் முழுசா விழறதுக்குள்ள அடுத்தத கேட்டுட்டா சாட்சிய நீயே காப்பாத்தி விட்டுடறேன்னாரு, கேட்டுட்டு சும்மா இரு, அந்த அமைதிய சாட்சியால தாங்க முடியாது, அவரே மேல பேசுவாருன்னு சொல்லிக் குடுத்தாரு. ஆட்டுக்கறி ஆறிப் போச்சு, அவர் சாப்பிடவே இல்ல. அடுத்த நாள் காலையில ஸ்டிராண்ட்ல இருக்கற ராயல் கோர்ட்ஸ்க்கு போய் பின்வரிசையில உக்காந்து பாத்தேன், அவர் சொன்னது அப்படியே கண்ணு முன்னால நடந்துச்சு. முப்பது வருஷத்துக்கு மேல இங்க நான் குறுக்கு விசாரணை பண்ணினதெல்லாம் அந்த உப்பு டப்பா பாடத்த வச்சுத்தான்.

இது ஆன்லைன்ல கெடைக்காதுமா. வீட்டுலேர்ந்து பாத்தா கணக்கு முடிஞ்சிடும், ஆனா அந்த மனுஷன் உன் பக்கத்துல வந்து உக்கார மாட்டாரு. அதனால போ. டிக்கெட் எடுக்கறப்பவே உணவு என்னன்னு எழுதிடு, சைவம், ஹலால் எல்லாம் இப்ப சாதாரணம். டோஸ்டுக்கு தண்ணி, ஜூஸ் எடுத்தா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஃபோர்க் வெளியிலேர்ந்து உள்ள, அவ்ளோதான் அந்த வித்த. சீக்கிரமா போய் வயசானவங்க யாரு தனியா நிக்கறாங்கன்னு பாரு, போய் "நீங்க எந்த மாதிரி கேஸ் நடத்துறீங்க"ன்னு கேளு, அப்புறம் நீ பேசவே வேண்டாம், வக்கீலுக்கு அந்தக் கேள்வி ஒன்னு போதும். சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் லத்தீன்ல பிரார்த்தனை சொல்வாங்க, எழுந்து நின்னா போதும், நாம நம்ம சாமிய நெனச்சுக்கலாம். நான் நெனச்சது வீரமாகாளியம்மன.

கேள்வி: பாரிஸ்டர்ங்க ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்க மாட்டாங்களாமே? (பிடோக் வாசகர்)

ஆமா, பழைய வழக்கம். கைய நீட்டறது உள்ள கத்தி இல்லன்னு காட்டத்தான், நமக்குள்ள அந்த சந்தேகமே கெடையாதுன்னு காரணம் சொல்லுவாங்க. இளசுங்க இப்ப அத பெருசா பாக்கறதில்ல.

கேள்வி: இங்க சிங்கப்பூர்ல இது மாதிரி ஏதும் இருக்கா? லண்டன்ல பாரிஸ்டர் ஆயிட்டா இங்க நேரா வாதாடலாமா? (செங்காங், இளம் வழக்கறிஞரின் தந்தை)

ரெண்டாவதுக்கு பதில் முதல்ல, நேரா முடியாது. இங்க கோர்ட்ல வாதாடுற பாரிஸ்டர், ஆலோசனையும் பத்திரமும் பாக்குற சொலிசிட்டர்னு பிரிவு கெடையாது, எல்லாரும் "அட்வகேட் அண்ட் சொலிசிட்டர்". வெளிநாட்டு டிகிரின்னா அது அங்கீகாரப் பட்டியல்ல இருக்கற யுனிவர்சிட்டியா இருக்கணும், பார்ட் ஏ, பார்ட் பின்னு ரெண்டு பரீட்சை, பயிற்சி எல்லாம் தாண்டணும். பிள்ளைய அனுப்பறதுக்கு முன்னாடியே பட்டியல பாத்துருங்க, போனப்புறம் பாத்து அழுத குடும்பங்கள எனக்கு தெரியும்.

முதல் கேள்விக்கு வர்றேன். 1957லதான் இங்க சட்டப் படிப்பே ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி பெரும்பாலும் லண்டன் போய்தான் ஆகணும், அதனால அந்தப் பழக்கம் நம்ம பெரியவங்க ரத்தத்துல ஊறிப் போச்சு. 1988ல சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா தொடங்கினாங்க, இன்ஸ் ஆஃப் கோர்ட் மாதிரி நீதிபதி, அரசாங்க வக்கீல், தனியார் வக்கீல், பேராசிரியர் எல்லாரும் ஒரே கூரைக்குள்ள வரணும்ங்கற எண்ணத்துலதான். தலைமை நீதிபதிதான் அதுக்கு தலைவர். புது வக்கீலுங்கள ஒன்னா சேத்துக்கற மாஸ் கால் விழா வருஷா வருஷம் நடக்குது, கறுப்பு கவுன் போட்டு நூத்துக்கணக்குல பிள்ளைங்க, அப்பா அம்மா பூங்கொத்தோட நிப்பாங்க, பாக்கவே கண்ணு நெறையும்.

ஆனா ஒன்னு சொல்றேன், இங்க இல்லாதது அந்தப் பந்தி. இருபத்தஞ்சு வயசு பிள்ளையும் எழுபது வயசு வக்கீலும் ஒரே மேசையில, கட்டணம் இல்லாம, அவசரம் இல்லாம ரெண்டு மணி நேரம். இங்க பிள்ளைங்க கம்ப்யூட்டர் முன்னாடியே மத்தியான சாப்பாட்ட முடிச்சிடுதுங்க, ரெண்டு மூணு வருஷத்துல தொழிலயே விட்டுட்டு போயிடுதுங்க, சம்பளம் பத்தாம இல்ல, கேக்க ஆள் இல்லாம. அதுக்கு பெரிய ஹால் எதுவும் வேண்டாம். நான் வெள்ளிக்கிழமை மத்தியானம் கோர்ட்டுக்கு பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடையில வட்ட மேசை ஒன்ன புடிச்சு வச்சிருவேன், என் அலுவலகம், எதிர்த் தரப்பு அலுவலகம்னு பாக்கறதில்ல, இளசுங்க யாரு வேணா வரலாம். கேஸ் குடுத்த கட்சிக்காரங்க விஷயம் பேசக்கூடாது, மத்தது எல்லாம் பேசலாம். உங்க மகனையும் வரச் சொல்லுங்க சார், பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினா எந்தக் கடைன்னு சொல்றேன்.

கேள்வி: மகள் நவம்பர்ல லண்டன்ல பாரிஸ்டர் ஆகறா, அந்த விழாவுக்கு, "கால் நைட்"டாம், எங்களுக்கு டிக்கெட் எடுத்திருக்கா. நானும் அவங்க அப்பாவும் போறோம். பெரிய இடம், புடவை கட்டினா நல்லா இருக்குமா, கோட்டு சூட்டுதான் போடணுமா? (தெம்பனிஸ் வாசகி)

புடவைதான் கட்டணும், அதுவும் இருக்கறதுலயே நல்ல பட்டு. ஒவ்வொருத்தர் பேரா படிப்பாங்க, மகள் முன்னாடி போவா, பெரியவர் பாரிஸ்டர் ஆக்கிட்டேன்னு சொல்வாரு, ரோல்னு சொல்ற பதிவேட்டுல கையெழுத்து போடுவா, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும், அந்த நேரத்துல ஃபோன்ல படம் புடிக்காம கண்ணால பாருங்க.

எங்கப்பாவால வர முடியல, ரெண்டு பேருக்கு விமான டிக்கெட் எடுக்குற நெலம அப்போ இல்ல. ஃபோட்டோ தபால்ல அனுப்பினேன். அத பிளாஸ்டிக் உறையில போட்டு வேலைக்கு போற சட்டை பையில வச்சிருந்தாரு, ஓரமெல்லாம் மடிஞ்சு போச்சு, இப்ப அது என் மேசையில இருக்கு. நீங்க ரெண்டு பேரும் நேர்லயே போறீங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம். நவம்பர்ன்னா குளிரும்மா, புடவைக்குள்ள முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்குங்க, செருப்பு வேண்டாம், சாக்ஸ் போட்டு மூடின ஷூ, அங்க கல்லு பாவின தரை, ஈரமா இருக்கும்.